இரண்டு தொண்டை

எங்கள் மாமா வீட்டுக்குள் பேசினால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்லுவார். கோபம் இல்லாத நேரத்திலும் அப்படித்தான். காலமெல்லாம் மோட்டார் சத்தத்துக்கு நடுவில் நின்று கத்திக் கத்திப் பழகிய குரல் அது. "இங்க மோட்டார் ஓடல. தண்ணி தானே வேணும், மெதுவா கேளுங்களேன்" என்பாள் அக்கா. "மெதுவா தானே கேட்டேன்!" என்று மாமா அதற்கும் கத்துவார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார்.

மாமா என்றால் என் அக்கா புருஷன். ஊர்ச் சாக்கடை முழுவதும் போய்ச் சேருகிற கழிவுநீர் நிலையத்தில் அவருக்கு வேலை. ஊர் முடிந்து, செங்கல் சூளை முடிந்து, சாலையும் முடிந்த பிறகு வரும் இடம் அது. அங்கே தண்ணீர் உள்ளே நுழைகிற வாயில் ஒரு குழி இருக்கிறது. அகலமான குழாய் திடீரென்று குறுகி, கம்பித் தடுப்பு வழியாகத் தண்ணீர் மோட்டாருக்குப் பாயும். அந்தக் குறுகிய இடத்துக்கு, அந்த நிலையம் கட்டின நாளிலிருந்தே, 'தொண்டை' என்று பெயர். துணி, முடி, பிளாஸ்டிக், செருப்பு, ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் கழுவிவிட்ட எல்லாமே அந்தத் தொண்டையில் வந்து சிக்கும். நீளக் கைப்பிடி வைத்த இரும்பு வாரியைக் குழிக்குள் விட்டு, குனிந்து நின்று, அதையெல்லாம் இழுத்து மேலே போட வேண்டும். போடாவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஊர் மொத்தத்துக்கும் எதிர்க்களிக்கும். மாமாவை அங்கே 'தொண்டைக்காரர்' என்று கூப்பிடுவார்கள். அவரோடு வேலை பார்த்தவருக்கு 'நெட்டை' என்று பெயர். குனிந்து வாரும் வேலைக்கு அவ்வளவு உயரமான ஆளை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ தெரியாது.

தொண்டையின் விளிம்பில் ஒரு காலத்தில் கைப்பிடிக் கம்பி இருந்தது. துருப்பிடித்து, இற்று, ஒருநாள் தானாகவே குழிக்குள் விழுந்தது. அதையும் மாமாதான் வாரி எடுத்துப் போட்டார். அன்றிலிருந்து வருகிற ஆபீசர் போகிற ஆபீசர் எல்லோரிடமும் கம்பி கேட்டார். ஒருவர், "பார்க்கலாம்" என்றார். ஒருவர், "மேல சொல்லியிருக்கேன்" என்றார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்த ஒருவர் வாயைத் திறக்க வேண்டியிருக்குமே என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். இன்னொருவர்தான் கொஞ்சம் அக்கறையாக, "ஒரு கயிறு கட்டிக்கோங்களேன், போதாதா?" என்று கேட்டார். கட்டினார்கள். நைலான் கயிறு. வெயிலில் வெளுத்து, தொய்ந்து, முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அது ஆளைத் தடுக்காது. தடுக்கி வேண்டுமானால் விடும்.

எனக்கு வெல்டிங் பட்டறை. கேட்டும் கிரில்லும் அடிப்பதுதான் பிழைப்பு. அந்தக் கம்பி எனக்கு ஒரு காலைப்பொழுது வேலை. நாலு கால், மேலே ஒரு குழாய், நடுவில் ஒரு குழாய், பற்றவைத்துவிட்டு வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். என் செலவிலேயே போட்டுத் தருகிறேன் என்று நானே ஆபீசில் போய் நின்றேன். "வெளியாளை உள்ள விட முடியாதுங்க" என்றார்கள். "உள்ளாளை உள்ள விழ விடலாமா?" என்று கேட்டேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பினார்கள். வாய் எங்கள் குடும்பச் சொத்து. அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி. மாமா அதைக் கல்யாணம் பண்ணி வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்தப் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இந்தக் கதையில் கோபம் வராத ஒரே ஆள் அதுதான்.

வண்டலைக் காயப்போடும் பாத்திகளுக்குப் பக்கத்தில் நாணல் வளர்ந்து கிடக்கும். குளிர் தொடங்கும்போது அந்த நாணலுக்குள் ஒரு குருவி வரும். சிட்டுக்குருவி அளவுதான். முதுகைப் பார்த்தால் மண்ணாங்கட்டி நிறம், திரும்பிக்கூடப் பார்க்கத் தோன்றாது. ஆனால் நேருக்கு நேர் திரும்பி நின்றால் தொண்டை முழுக்க நீலம். வெறும் நீலம் இல்லை, புது சிலிண்டரில் பற்றவைத்த தீயின் நீலம். அதற்கு நடுவில் துரு நிறத்தில் ஒரு பொட்டு. ஈரமான சேற்றில் குடுகுடுவென்று ஓடும், நிற்கும், வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும், புழுவைக் கொத்தும், நாணலுக்குள் மறைந்துவிடும். எங்கேயோ பனி உறைகிற நாட்டிலிருந்து பறந்து வருகிறதாம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போய்விடும்.

மாமா அதற்கு 'குட்டி ஆபீசர்' என்று பெயர் வைத்திருந்தார். கழுத்தில் நீல டை கட்டியிருக்கிறதே! "இந்த இடத்துக்கு மூக்கைப் பொத்தாம வர்ற ஒரே ஆபீசர் இவர் தான் மாப்ள" என்பார். "வருஷா வருஷம் தவறாம வந்து பார்த்துட்டுப் போறாரு. கம்பி மட்டும் போட மாட்டேங்கறாரு." நெட்டை அதைப் பார்த்தால் சல்யூட் அடிப்பாராம். இரண்டு பேரும் வாரியைச் சாய்த்துவைத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டு, அது சேற்றில் ஓடுவதைப் பார்ப்பார்கள். அந்த வேலையில் கண்ணுக்கு நல்லதாக ஏதாவது படுவதே அபூர்வம்.

பிறகு ஒரு புது ஆபீசர் வந்தார். சின்ன வயது, நல்ல படிப்பு, கழுத்தில் எந்நேரமும் ஒரு கேமரா. முதல் நாளே நாணல் பக்கம் போனவர் மூக்கைப் பொத்த மறந்து அங்கேயே நின்றுவிட்டார். அவருக்கு அது குட்டி ஆபீசர் இல்லை, 'நீலத்தொண்டை'. படம் எடுத்து எங்கெங்கோ அனுப்பினார். அடுத்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆள் உயரத்துக்கு லென்ஸ், அதற்கு மூன்று கால், உட்கார மடக்கு நாற்காலி, தலைக்குத் தொப்பி. போனில் அந்தப் பறவையின் குரலைப் போட்டுக் காட்டி அதை வெளியே இழுப்பார்கள். தன் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான் என்று நினைத்து அது பதறிக்கொண்டு வெளியே வந்து தேடும். இவர்கள் படபடவென்று எடுப்பார்கள். "ஏன் சார் அதை இப்படி அலைக்கழிக்கறீங்க?" என்று மாமா கேட்டாராம். "நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று பதில் வந்ததாம். மாமா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நெட்டைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

வந்தவர்கள் நிற்க நிழல் வேண்டாமா? கூரை வந்தது. உட்கார பெஞ்சு வந்தது. குடிக்கத் தண்ணீர், கை கழுவக் குழாய், கண்ணாடியோடு. சேற்றில் ஷூ அழுக்காகாமல் நடக்க சிமென்ட் பலகை போட்ட பாதை. 'பார்க்கலாம்' என்று யாரும் சொல்லவில்லை. 'மேலே' யாரையும் கேட்கவில்லை. எல்லாம் மளமளவென்று நடந்தது. மாமா அந்தப் பாதையைத் தாண்டித்தான் தினமும் தொண்டைக்குப் போக வேண்டும். போகும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்திருக்கும். கேட்ட எனக்கே எரிந்தது. அவர் புது ஆபீசரிடமும் போய்க் கம்பி கேட்டார். "கண்டிப்பா, கண்டிப்பா. அடுத்த தடவை சேர்த்துக்கலாம்" என்றார் அவர், கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதற்கிடையில் பெயரில் ஒரு குழப்பம் வந்தது. பறவை பார்க்கிறவர்களுக்கு முழுப்பெயர் சொல்லப் பொறுமை இல்லை. 'நீல'த்தை விட்டுவிட்டு, 'தொண்டை வந்துச்சா?', 'தொண்டை கிடைச்சுதா?' என்று பேச ஆரம்பித்தார்கள். ஆபீசரும் அப்படியே. ஒருநாள் காலையில் மாமாவுக்குப் போன் போட்டு, "தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். ஒரு ஆபீசர் தானாகக் கூப்பிட்டுத் தொண்டையை விசாரிப்பது சரித்திரத்திலேயே முதல் தடவை. மாமாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"நல்லா இருக்கு சார்! இப்ப தான் வாரி வெளிய இழுத்துப் போட்டேன். ஒரே நாத்தம்! வயித்துல பழந்துணி மூட்டை மூட்டையா இருந்துச்சு!"

"என்னய்யா சொல்றீங்க!" என்று அலறிக்கொண்டு ஆபீசர் ஜீப்பில் பறந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். மாமாவும் சிரித்தார். "சார், இங்க தொண்டைனா குழி. நாங்க அப்படித் தான் சொல்லுவோம்" என்று எடுத்துச் சொன்னார். ஆபீசர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் மாமா அந்தக் கதையை நடித்துக் காட்டி அக்காவைச் சிரிக்க வைத்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பே கசக்கிறது.

நெட்டை விழுந்த நாளில் நான் அங்கே இல்லை. மாமா சொல்லித்தான் தெரியும். மழை பெய்து விட்டிருந்தது. தண்ணீர் வரத்து அதிகம், மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பெரிய தார்ப்பாய்த் துண்டு தொண்டையில் சிக்கியிருந்தது. நெட்டை வாரியை மாட்டி இழுத்தார். வரவில்லை. பின்னால் சாய்ந்து பலம் கொடுத்து இழுத்தார். தார்ப்பாய் கிழிந்தது. பின்னால் போனவர் நிதானிக்க முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். கயிறு காலில் மாட்டியது.

மாமா திரும்பிப் பார்த்தபோது வாரியின் கைப்பிடி மட்டும் விளிம்பில் தெரிந்ததாம். தண்ணீர் நெட்டையைக் கம்பித் தடுப்போடு வைத்து அழுத்தியிருந்தது. உயரமான ஆள் என்பதால் தலை மேலே வருவதும் போவதுமாக இருந்தது. மாமா விளிம்பில் குப்புறப் படுத்து, தன் வாரியை அவர் சட்டைக் காலரில் மாட்டி இழுத்திருக்கிறார். பழந்துணியை இழுக்கிற அதே வாரி. "எப்படி மேல கொண்டு வந்தேன்னு எனக்கே தெரியாது" என்பார். விழுங்கக் கூடாததை எல்லாம் நெட்டை விழுங்கியிருந்தார். கண் சொருகி, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

விபத்து என்றால் முதலில் ஆபீசுக்குத்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். பக்கத்தில் இருக்கும் ஒரே வண்டியும் ஆபீசர் ஜீப்தான். அந்த மழைத் தண்ணீர் வரத்துக்கு மோட்டாரை நிறுத்த முடியாது, நிறுத்தினால் குழி பொங்கிவிடும். அந்த இரைச்சலுக்கு நடுவில் மாமா போனில் கத்தினார்.

"சார்! தொண்டையில விழுந்துட்டான் சார்! மூச்சு வாங்குது! உசுரு பொழைக்குமானு தெரியல! உடனே டாக்டரைக் கூட்டிட்டு வாங்க!"

அந்தப் பக்கம் காதில் விழுந்தது என்ன? தொண்டை. விழுந்துட்டு. மூச்சு வாங்குது. டாக்டர்.

ஜீப் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, காற்றாய்ப் பறந்து வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்துக்கு எதுவும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை. ஆபீசர் குதித்து இறங்கினார். கையில் துணி சுற்றிய ஒரு கூண்டு. பின்னால் கேமராக்காரர்கள் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்டர். மாட்டு டாக்டர்.

"எங்க? எங்க இருக்கு?" என்று ஆபீசர் நாணல் பக்கம் ஓடப் போனார்.

மாமா நெட்டையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதோ சார், இங்க" என்றார்.

ஆபீசர் நெட்டையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். கையில் இருந்த கூண்டைப் பார்த்தார். அப்புறம் கேட்டாராம்:

"அப்போ பறவைக்கு ஒண்ணும் இல்லையே?"

இந்த ஒரு வரியை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பொல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. பொல்லாதவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி வந்ததாம். பறவைக்கு ஒன்றும் இல்லை என்கிற நிம்மதி. அதைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை.

மாட்டு டாக்டர்தான் மனுஷன். பையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டு, நெட்டையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய்க்குள் விரல் விட்டுச் சுத்தம் செய்து, முதுகில் தட்டிக் கக்க வைத்தார். "ஜீப்பைத் திருப்புங்க!" என்று அவர் போட்ட அதட்டலில்தான் டிரைவர் அசைந்தான். சீட்டு அழுக்காகும் என்று யாரோ முனகியிருக்கிறார்கள். மாமா அவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் யாரும் முனகவில்லை.

நெட்டை பிழைத்தார். ஆனால் நுரையீரலில் போனது போனதுதான். வாசல்படி ஏறினாலே மூச்சு இரைக்கிறது. பேச ஆரம்பித்தால் பாதியில் இருமல் வந்து மீதியைத் தின்றுவிடுகிறது. வாரி பிடிக்க முடியாது. வீட்டில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அவர் பெண்டாட்டி வேலைக்குப் போகிறாள். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆபீசில் முடிவு கட்டிக் கை கழுவிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மாமா கத்துவதை நிறுத்திவிட்டார்.

அக்கா என் பட்டறைக்கு வந்து அழுதாள். "தண்ணி வேணும்னா அவரே எழுந்து போய் மொண்டு குடிக்கிறார்டா. குழம்புல உப்பு இல்லைனாலும் சாப்பிட்டுட்டு எழுந்திரிக்கறார். என்னைத் திட்டுனாக் கூட நல்லா இருக்கும். எனக்குப் பயமா இருக்கு." எதிர்வீட்டுக்காரர்கூட ஜன்னலைத் திறந்து, "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம். கத்தித் தீர்க்கிற கோபம் அன்றன்றைக்கே ஆறிவிடும். மாமாவுடையது ஆறவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து மாமா பட்டறைக்கு வந்தார். போனை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆபீசர் அனுப்பிய குரல் செய்தி.

"வணக்கம், ஒரு அவசரம். பெரிய ஆபீசர் பார்க்க வர்றார். தொண்டையைச் சுத்தி இடுப்பு உயரத்துக்குக் கம்பி போட்டுடுங்க. நல்ல கனமான குழாயா இருக்கணும். யார் சாய்ஞ்சாலும் அசையக் கூடாது, ஒருத்தரும் உள்ள கால் வைக்க முடியாத மாதிரி இருக்கணும். உங்க மச்சான் தான் வெல்டிங் பட்டறை வெச்சிருக்காராமே, அவரையே உள்ள கூட்டிட்டு வந்து முடிச்சிடுங்க. மேல எல்லாம் நான் சொல்லிக்கறேன்."

வெளியாள் உள்ளே வரலாமாம். மேலே அவரே சொல்லிக்கொள்வாராம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சுத்தியலை எறிந்துவிட்டு நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வாயைத் திறந்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். செய்தியை மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை நிதானமாகக் கேட்டேன். 'பறவை' என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. 'நீல' இல்லை. நாணல் இல்லை.

"எந்தத் தொண்டைக்கு மாமா?" என்றேன்.

"அங்க ஒரே தொண்டை தான் இருக்கு மாப்ள" என்றார்.

மறுநாள் காலையில் குழாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். என்னை வெளியே தள்ளிய வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு வணக்கம் வைத்தான். விளிம்பில் பழைய கம்பிக்காகப் புதைத்திருந்த இரும்புத் தகடுகள் இன்னும் நன்றாகவே இருந்தன. துருவைத் தேய்த்துவிட்டு, கால்களை நிறுத்தி, அவற்றோடு சேர்த்துப் பற்றவைத்தேன். போல்ட் போட்டால் கழற்றிவிடுவார்கள். அதனால் சுற்றிச் சுற்றி, வேண்டாத இடத்திலும் இன்னொரு சுற்றுப் பற்றவைத்தேன். மாமா என் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நின்றார். கடைசிக் கால் நிற்கும்வரை விடவில்லை. கையை எடுத்ததும் அவர் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. பழைய நைலான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டில் இருந்தேன்.

பெரிய ஆபீசர் வந்த அன்று, கம்பியில் ஏதாவது சரிசெய்ய வேண்டியிருந்தால் என்று, என்னையும் மெஷின்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். கேமராக்காரர்கள் கும்பலாக வந்திருந்தார்கள். எல்லோரும் நாணல் பக்கம் போனார்கள். அங்கே கம்பி இல்லை. ஆபீசர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சுற்றுமுற்றும் தேடியவர் கண்ணில் தொண்டை பட்டது. சிவப்பு பெயின்ட் அடித்த புதுக் கம்பி வெயிலில் பளபளத்தது. கும்பலை இழுத்துக்கொண்டு அங்கே வந்தார்.

"என்ன இது?"

"நீங்க சொன்ன கம்பி சார்" என்றார் மாமா. மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் எங்க இங்க போடச் சொன்னேன்?"

மாமா போனை எடுத்து, சத்தத்தை முழுக்க வைத்து, அந்தச் செய்தியை எல்லோர் முன்னாலும் ஓடவிட்டார். தொண்டையைச் சுத்தி. இடுப்பு உயரத்துக்கு. யார் சாய்ஞ்சாலும் அசையக் கூடாது. பெரிய ஆபீசர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சரியாத் தானே போட்டிருக்காங்க?" என்று அவர் சின்ன ஆபீசரைக் கேட்டதும் கும்பலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆபீசருக்குக் காது சிவந்துவிட்டது. "நான் பறவையைச் சொன்னேன்யா! வேணும்னே பண்ணியிருக்கீங்க. இப்பவே இதை அறுத்து எடுத்து அங்க கொண்டு போய் வைங்க. இப்பவே!"

அப்போதுதான் மாமாவுக்குக் குரல் திரும்பி வந்தது. மோட்டார் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் கேட்டிருக்கும்.

"அறுக்கலாம் சார்! தாராளமா அறுக்கலாம்! ஆனா அறுக்கறவன் இந்த விளிம்புல நின்னு தான் அறுக்கணும். குழாய் அறுந்து விழ விழ, பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது. நெட்டை நின்ன அதே இடம் சார்! நான் நிக்க மாட்டேன். இவன் என் பொண்டாட்டி தம்பி, இவனையும் நிக்க விட மாட்டேன். மாப்ள, அந்த மெஷினை சார் கையில குடு! சார் நிக்கட்டும்!"

நான் அறுக்கும் மெஷினை எடுத்து நீட்டினேன். எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

ஆபீசர் விளிம்புக்கு வந்தார். மெஷினை வாங்குவதற்கு இல்லை, வீம்புக்கு. வந்தவர் குனிந்து கீழே பார்த்தார். அந்தக் குழிக்குள் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கறுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு கம்பித் தடுப்பில் மோதி மோதி உள்ளே போயிற்று. ஒரு குழந்தைச் செருப்பு சிக்கிக்கொண்டு ஆடியது. அவர் சத்தம் போடவில்லை. ஆனால் அவருடைய இரண்டு கையும், அவருக்கே தெரியாமல், சிவப்புக் கம்பியை இறுகப் பிடித்திருந்தன.

அதை எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் பார்த்தார். கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மாமா ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டார். "பறவைக்கு இதைக் கட்டுங்க சார். எங்களுக்கு இத்தனை வருஷம் இது போதும்னு தானே சொன்னீங்க எல்லாரும்" என்றார்.

நாணலைச் சுற்றி அந்தக் கயிற்றைத்தான் கட்டினார்கள். குட்டி ஆபீசர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதன் கீழே குடுகுடுவென்று ஓடி, வாலை ஆட்டி, புழு தின்று, வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பிப் போய்விட்டது. வேலை நடந்ததாகக் காட்ட வேண்டுமே என்று, ஆபீசிலிருந்து ஒரு பலகை எழுதிக் கொண்டுவந்து தொண்டையில் இருக்கும் எங்கள் கம்பியில் மாட்டினார்கள்: 'நீலத்தொண்டைப் பறவையின் பாதுகாப்புக்காக அமைக்கப்பட்டது.' நான் அதைப் பிய்த்துக் குழிக்குள் எறியப் போனேன். "கம்பி இருக்கில்ல, விடு" என்றார் மாமா.

நெட்டைக்குக் கொஞ்சம் நடக்க முடிந்த ஒருநாள், கம்பியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மாமாவும் நானும் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனோம். சிமென்ட் பாதையில் அங்கங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். பலகையைப் படித்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் அதன் மேல் போட்டுச் சாய்ந்து பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

"நல்லா இருக்கு" என்றார். இருமினார். இருமி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இது எவ்வளவு நேரத்து வேலை மாப்ள?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"ஒரு காலைப்பொழுது" என்றேன்.

நெட்டை தலையை ஆட்டினார். கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார். மாமா விருட்டென்று திரும்பி மோட்டார் அறைக்குள் போனார். வேளை இல்லாத வேளையில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் சுவரைப் பார்த்து நின்று, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்தினார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.